அக்காவுக்கு வாங்கிய பேனா

அந்தக் கடைக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வாங்கம்மா, அக்காவுக்குப் பேனா புடிச்சிருந்துச்சா?" என்று கேட்டார்.

வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. தெருவில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வாசலில் என் குடை மட்டும் விரித்தபடி கிடந்தது.

"ஆள் மாறிப்போச்சு போலிருக்கு. நான் இந்தக் கடைக்கு இன்னைக்குத்தான் வர்றேன்" என்றேன்.

அவர் சிரிப்பு குறையவில்லை. நாற்பது வயது இருக்கும். காதில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். "சரிங்கம்மா, உக்காருங்க" என்று ஒரு முக்காலியைத் தள்ளினார். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்று தெரிந்தது. அதை வளர்க்க வேண்டாம் என்று, வந்த வேலையைச் சொன்னேன்.

நான் நீடாமங்கலம் பக்கத்தில் வேளாண்மைக் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறேன். விதை நெல், நுண்ணூட்டம், தார்ப்பாய் என்று விவசாயிகளுக்குக் கொடுக்கிற இடம். என்னோடு பதினான்கு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த தோழிக்கு அதிகாரியாகப் பதவி உயர்வு வந்திருந்தது. இனிமேல் அவள் பச்சை மையில் கையெழுத்துப் போடலாம். அதற்கு ஒரு மை பேனா வாங்கித் தர வேண்டும் என்று எனக்கு ஆசை. விலை கூடிய பேனா வாங்கினால் அவள் வாங்கிக்கொள்ள மாட்டாள், வாங்கினாலும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாள். மலிவாக வாங்கினால் கசிந்து ரவிக்கையைக் கெடுக்கும். நடுவாந்தரமாக, தினமும் பையில் போட்டு எடுத்துப் போகிற மாதிரி ஒன்று வேண்டும். தஞ்சாவூரில் தெற்கு வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் இந்த மாதிரிப் பேனாக்கள் நிறைய வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உண்மையில் மூன்று வாரம் முன்பே வாங்கியிருக்க வேண்டியது. கண்ணாடி மாற்றத் தஞ்சாவூர் வந்தவள், தலைவலி தாங்காமல் கடையைத் தேடாமலே ஊர் திரும்பிவிட்டேன். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரப் பெண் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே ஒரு தட்டை இழுத்து, ஐந்தாறு பேனாக்களை எடுத்து வரிசையாக வைத்தார். "இந்த நாலும் நீங்க அன்னைக்கே எழுதிப் பாத்துட்டீங்க. இது நிப்பு கீறுதுன்னீங்க. இது மூடி இறுக்கமா இருக்கு, அக்காவுக்குக் கட்டைவிரல் மூட்டு வலி, திருக முடியாதுன்னீங்க. கடைசியில இந்த மெரூன் எடுத்துட்டுப் போனீங்க. மூடி சும்மா அழுத்தினாப் போதும், கையிலயும் கனம் தெரியாதுன்னு."

பேனாவை எடுக்கப் போன என் கை நின்றுவிட்டது.

எனக்கு ஒரு அக்கா உண்டு. அவளுக்கு வலது கட்டைவிரல் மூட்டில் வாதம் உண்டு. ஆனால் அக்காவோடு நான் பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் பேச்சையே நான் அலுவலகத்தில்கூட எடுப்பதில்லை.

"நான் எப்ப வந்தேன்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"மூணு வாரம் இருக்கும். செவ்வாக்கெழமை. மணி பன்னண்டு, பன்னண்டரை." இப்போதுதான் அவர் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "என்னம்மா, நெஜமாவே ஞாபகம் இல்லையா? இதே பையிதான் வச்சிருந்தீங்க. ரெண்டு தடவ வெளிய போயிட்டுத் திரும்பி வந்தீங்க. ரெண்டு தடவையும் புதுசா வர்ற மாதிரி, 'அக்கா ரிட்டையர் ஆகுறாங்க, ஒரு இங்க் பேனா வேணும்'னு மொதல்லேருந்து சொன்னீங்க. இன்னைக்கு என்ன கெழமைன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. வெயில்ல வந்த களைப்புன்னு நெனச்சேன்."

அக்கா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் எட்டு வருஷம் ஆகிறது.

அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். பேனா வாங்க வருகிறவர்கள் எழுதிப் பார்க்கிற நோட்டு. பக்கம் பக்கமாகக் கையெழுத்துகள், வளையங்கள், பிள்ளையார் சுழிகள், யார் யாருடைய பெயர்களோ. அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பின்னால் போய் ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

அந்தப் பக்கம் முழுக்க என் கையெழுத்து.

நான் 'க்கா' எழுதும்போது துணைக்கால் போட்டதும் பேனாவை எடுக்க மாட்டேன், கீழே ஒரு சின்ன வால் இழுப்பேன். பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியிருக்கிறேன். அந்த வால் அங்கே இருந்தது. 'அக்காவுக்கு, அக்காவுக்கு, அக்காவுக்கு' என்று நாலு விதமான நிப்பில், நாலு விதமான தடிமனில். அடியில் ஒரு வரி: 'அன்புள்ள அக்காவுக்கு, ஓய்வெடுத்துக்கொள். இனி உட்கார்ந்து எழுது.'

அதை நான் எழுதவில்லை. ஆனால் எழுதியது என் கை. வேறு ஒருத்தி என் உடம்பை எடுத்துக்கொண்டு போய் ஒரு மத்தியானம் முழுக்க நடமாடிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதைப் போல இருந்தது. கடைக்காரப் பெண் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

பிறகு போனை எடுத்து, யார் யாரிடம் பேசினேன் என்ற பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். மூன்று வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்கு, பெயர் இல்லாத ஒரு எண்ணுக்கு நான்கு நிமிஷம் பேசியிருக்கிறேன். பெயர் இல்லாவிட்டாலும் அந்த எண் எனக்குத் தெரியும். அக்காவின் எண். போனிலிருந்து நான் அழித்தேனே தவிர, மனசிலிருந்து அது அழியவே இல்லை.

அன்றைக்குத் தோழிக்குப் பேனா வாங்கவில்லை. "அப்புறம் வர்றேன்" என்று எழுந்தேன். கடைக்காரப் பெண் வாசல் வரைக்கும் வந்து, "தனியாப் போவீங்களாம்மா? யாருக்காவது போன் பண்ணட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் நிலையம் போய்ப் பாபநாசம் வழியாகக் கும்பகோணம் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

அக்காவோடு நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அம்மா பாபநாசத்தில் அக்காவோடு இருந்தார். வெற்றிலை புகையிலைப் பழக்கம். கன்னத்தில் புண் வந்து, அது புற்று என்று தெரிந்தபோது வைத்தியத்துக்குக் காலம் கடந்திருந்தது. என்றாலும் அப்போது நடமாட்டமாகத்தான் இருந்தார். அக்கா ஓய்வு பெற்ற மாதம் என் மகளுக்குப் பிரசவம் என்று நான் மஸ்கட் போக வேண்டியதாயிற்று. அங்கிருந்த ஏழு வாரமும் தினம் போன் செய்வேன். வீடியோவில் அம்மா முகம் பார்க்க வேண்டும் என்றால் அக்கா, "தூங்குறாங்கடி" என்பாள். இல்லாவிட்டால் கூரையைக் காட்டிக்கொண்டு பேசுவாள். ஒரு நாள் சாயங்காலம் அம்மா போய்விட்டதாகச் செய்தி வந்தது. கிடைத்த விமானத்தைப் பிடித்துத் திருச்சியில் இறங்கி, கார் வைத்துக்கொண்டு பாபநாசம் வந்து சேர்ந்தேன். தெருமுனையில் நான் பார்த்தது, சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டுத் திரும்பி வருகிற கூட்டத்தை.

"ஒரு நாள் ஃப்ரீசர் பாக்ஸ்ல வச்சிருக்கக் கூடாதா? என்ன அவசரம் உனக்கு?" என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். அக்கா ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலைதான் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. "இனிமே எனக்கு அக்கா இல்ல" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் போகாமலே திரும்பினேன். நாலு வருஷம் முன்பு அத்தான் இறந்தபோதும் நான் போகவில்லை.

பஸ் ஜன்னலுக்கு வெளியே சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. இரண்டு பக்கமும் வயல்களில் வானம் கிடந்தது. மேலேயும் சாம்பல், கீழேயும் சாம்பல். பஸ் எதன் மேலும் ஒட்டாமல் மிதந்து போவது போல இருந்தது. இதே பாதையில் மூன்று வாரம் முன்பும் நான் வந்திருக்க வேண்டும். இதே பக்கம் உட்கார்ந்தேனா? யாரிடம் டிக்கெட் வாங்கினேன்? யோசிக்க யோசிக்க ஒன்றுமே இல்லை. மறந்துபோன விஷயம் என்றால் அதன் ஓரமாவது நினைவில் இருக்கும். இதில் ஓரமே இல்லை. கண்ணாடிக் கடையிலிருந்து வெயிலில் இறங்கினேன். அடுத்து எனக்குத் தெரிவது நீடாமங்கலம் ரயில்வே கேட்.

அது நன்றாக ஞாபகம் இருந்தது. கேட் போட்டிருந்தார்கள். பஸ் நின்றிருந்தது. அரிசி மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. பொழுது சாயும் நேரம். அசந்து தூங்கி விழித்திருக்கிறேன் என்று நினைத்து, மற்றவர்களோடு சேர்ந்து இறங்கி நடந்தேன். அப்போது பின்படிக்கட்டுப் பக்கம் அக்கா நிற்பதைப் பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊருக்கு இவள் ஏன் வந்தாள் என்று எரிச்சலாக முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டேன். ஏதோ கல்யாணத்துக்கு வந்திருப்பாள் என்று எண்ணி, அன்றைக்கே அதை விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் அது ஞாபகம் வந்ததும், அவள் கல்யாணத்துக்கு வந்திருக்க மாட்டாள் என்று பட்டது.

பாபநாசத்தில் இறங்கி நடந்தேன். வீடு அப்படியேதான் இருந்தது. வாசல் கதவை அக்கா திறந்தாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் வா என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி என் கண்ணையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். யாரோ தெரியாத ஆளை அடையாளம் பார்ப்பது போல.

"வந்திருக்கறது யாரு?" என்று கேட்டாள்.

"என்னக்கா கேள்வி இது?"

"அன்னைக்கு வந்தவளா, இல்ல கேட்டுல என்னப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவளா?"

"திருப்பிக்கிட்டுப் போனவதான்" என்றேன். "அன்னைக்கு வந்தவள எனக்குத் தெரியாது. அவ வந்து என்ன பண்ணினான்னு கேக்கத்தான் வந்தேன்."

அக்கா வழிவிட்டாள். உள்ளே கூடத்தில் ஜன்னல் ஓரம் ஒரு மேசை. மேசையில் மெரூன் நிறத்தில் பேனா. பக்கத்தில் மை பாட்டில். அக்காவின் ஆள்காட்டி விரலில் நீலக் கறை இருந்தது. தினமும் எழுதுகிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

என்னை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்து அக்கா சொன்னாள்.

"ஒரு மணிக்குப் போன் வந்துச்சு. நீ. 'அக்கா, வீட்டுல இருக்கியா, வர்றேன்'ங்கற. எட்டு வருஷம் கழிச்சு. எனக்குப் பேச்சே வரல. அதையே நாலு தடவ சொன்ன. அப்புறம் வந்து நிக்கற. சிரிச்சுக்கிட்டு. கையில பேனாப் பெட்டி. 'ரிட்டையர்மெண்டுக்கு, பாத்து வாங்கினேன்'ங்கற. என்னடா, இத்தன வருஷம் கழிச்சான்னு நெனச்சேன். சரி, ஏதோ மனசு எறங்கி வந்திருக்க, அப்படியாவது ஒரு சாக்குன்னு நானும் வாங்கிக்கிட்டேன். உக்காந்த. சுத்தி முத்திப் பாத்துட்டு, 'அம்மா எங்க?'ன்னு கேட்ட."

அக்கா நிறுத்தினாள். வெளியே தூறல் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"குத்திக் காட்ட வந்திருக்கன்னு நெனச்சேன். செவுத்துல படத்தக் காமிச்சேன். மாலையப் பாத்துட்டு நீ அலறின பாரு, எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. 'எப்ப? எனக்கு ஏன் சொல்லல?'ன்னு கேட்ட. அன்னைக்குத்தான் செத்த மாதிரி அழுத. நானும் அழுதேன். கொஞ்ச நேரம் ஆச்சு. மூஞ்சியத் தொடச்ச. தண்ணி குடிச்ச. 'அக்கா, அம்மா எங்க?'ன்னு திரும்பக் கேட்ட."

"திரும்பவா?"

"அதே கொரல்ல. அதே சிரிப்போட. திரும்பப் படத்தக் காமிச்சேன். திரும்ப அதே அலறல். மொத தடவ கேட்ட மாதிரியே. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு. மூணாவது தடவ கேட்டப்ப என்னால முடியலடி. அந்த அழுகைய இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது. 'கொல்லையில இருக்காங்க'ன்னு சொல்லிட்டேன். படத்த முன்னாடியே கழட்டி உள்ள வச்சுட்டேன்."

சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. படம் இருந்த இடம் சதுரமாக வெளுத்திருந்தது. மூன்று வாரமாக அவள் அதைத் திரும்ப மாட்டவே இல்லை.

"உடனே எழுந்து கொல்லைக்குப் போன. நான் பின்னாடியே வந்து கதவுகிட்ட நின்னேன். நாரத்தை மரத்தடியில போய் நின்னுக்கிட்டு, எதிர்ல பாத்துப் பேசிக்கிட்டிருந்த. என்ன பேசினன்னு எனக்குக் காதுல விழல. தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்ட. கால்மணி நேரம் இருக்கும். அப்புறம் ஈரக் காலோட உள்ள வந்து..."

அவளால் மேலே சொல்ல முடியவில்லை. எழுந்து போய் மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள். "நீ போனதும் ஒக்காந்து எழுதினேன். மறந்துடுவேன்னு பயம். நீ வாங்கிக் குடுத்த பேனாவாலதான். நீயே படி."

அக்காவின் எழுத்து இன்னும் கரும்பலகை எழுத்துதான். முத்து முத்தாக இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் வரிகள் கோணியிருந்தன. நான் சொன்னவை எல்லாம் வரிசையாக இருந்தன. கிழமை கேட்டது, அம்மாவைக் கேட்டது, அத்தான் எப்போது வருவார் என்று கேட்டது, மஸ்கட் போகப் பெட்டி கட்ட வேண்டும் என்று சொன்னது. கடைசியில் தனியாக ஒரு பத்தி. கொல்லையிலிருந்து வந்து நான் சொன்னதாக எழுதியிருந்தாள்:

'அம்மா சொன்னாங்க, உன்னத் திட்டக் கூடாதாம். நான் வர்றதுக்குள்ள எடுத்துடச் சொன்னது அவங்கதானாம். அவங்க முகத்த நான் பாக்கக் கூடாதாம்.'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது தடவை படித்தேன். "அவங்கதான் சொன்னாங்கன்னா? என்னக்கா இது?"

அக்கா என் கையிலிருந்து நோட்டை வாங்கி மூடினாள்.

"நீ மஸ்கட் போன மூணாவது வாரமே கன்னம் ஓட்டையாயிடுச்சு. பல்லெல்லாம் வெளிய தெரியும். கண்ணாடியத் திருப்பி வைக்கச் சொல்லிட்டாங்க. போனத் தூக்கினாலே முந்தானைய இழுத்துப் போத்திக்குவாங்க. கடைசி வாரம் ஒரு நாள் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'சின்னவ இந்த மூஞ்சியப் பாத்தா தாங்க மாட்டா. அவ வர்றதுக்குள்ள என்ன எடுத்துடு. நான் சொன்னேன்னும் சொல்லாத. சொன்னா என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சே செத்துடுவா'ன்னாங்க. சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நீ தெருவுல நின்னு கத்தினப்ப சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு."

கூடத்தில் இருட்டியது போல இருந்தது. மழை மேகம்தான். மணி மூன்று கூட ஆகவில்லை.

எட்டு வருஷம். அத்தனை வருஷமும் அவள் குனிந்த தலையை நான் குற்றம் என்றே படித்திருக்கிறேன். அவள் மடியில் தலையை வைத்து அழ வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. முதுகுத் தண்டில் ஈரத்துணியை வைத்தது போல.

"அக்கா, இத நீ வேற யார்கிட்ட சொன்ன?"

"ஒருத்தர்கிட்டயும் இல்ல. அத்தான்கிட்டக் கூட இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாரு. ஆஸ்பத்திரியில, பக்கத்து வீட்டுல..."

"எட்டு வருஷமா வேற என்ன யோசிச்சேன்?" என்றாள் அக்கா. பிறகு மெதுவாக, பயந்தபடி கேட்டாள்: "கொல்லையில நீ யாரடி பாத்த?"

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். "சத்தியமாத் தெரியாது."

இரண்டு பேரும் கொல்லைக் கதவைப் பார்த்தோம். ஒருக்களித்திருந்தது. இடைவெளியில் நாரத்தை மரத்தின் ஒரு கிளை தெரிந்தது. காற்று இல்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நானும் பிடித்துக்கொண்டேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

அன்றைக்கு அவள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, உங்க வீட்டம்மா என் வீட்டுல வந்து ஒளறிக்கிட்டிருக்கான்னா நம்புவாரா? நான் காப்பியில மருந்து வச்சுக் குடுத்துட்டேன்னுதான் ஊரு சொல்லும்" என்றாள். நான் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்ததும், தலை வாரிப் பூ வைத்து, அவளே வலங்கைமான் வழியாக என்னைப் பஸ்ஸில் கூட்டி வந்திருக்கிறாள். வழியெல்லாம் அவள் தோளில் சாய்ந்து வந்தேனாம். கேட்டில் பஸ் நின்றதும் திடீரென்று நிமிர்ந்து, அவளைப் பார்க்காமலே எழுந்து இறங்கிவிட்டேனாம். "எந்த நிமிஷம் நீ திரும்பி வந்தன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "தோள்லேருந்து கனம் போச்சு."

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்குத் தலையில பூ வச்சுட்டு வந்த. கோயிலுக்குப் போயிட்டு வர்றன்னு நெனச்சேன்" என்றார். அவர் கேட்கவில்லை. எனக்கும் என் தலையில் பூ எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. ராத்திரி கழற்றிப் போட்டிருப்பேன். அதுவும் நினைவில்லை.

மறு வாரம் தஞ்சாவூரில் மூளை நரம்பு டாக்டரைப் பார்த்தோம். இளம் வயதுக்காரர். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றார். சிலருக்கு வாழ்நாளில் ஒரு தடவை இப்படி வருமாம். சில மணி நேரம் எதுவும் மனசில் பதியாதாம். பழைய நினைவிலும் சில வருஷங்கள் தற்காலிகமாக மறைந்துபோகுமாம். நடப்பார்கள், பேசுவார்கள், கடையில் பொருள் வாங்குவார்கள், கேட்டதையே கேட்பார்கள். பிறகு தானாகச் சரியாகிவிடும். "அந்த நேரம் பதிவே ஆகலம்மா. அதனால திரும்பக் கெடைக்காது. தேடாதீங்க" என்றார்.

கொல்லையில் நடந்ததைச் சொன்னேன். "ஞாபகத்துல எடைவெளி விழுந்தா மூளை எதையாவது வச்சு நெரப்பிக்கும்" என்றார்.

"எனக்குத் தெரியாத ஒண்ண வச்சு எப்படி டாக்டர் நெரப்பும்?"

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு யோசித்தார். "எப்பவோ யாரோ சொல்லிக் கேட்டிருப்பீங்க. இல்லன்னா உள்ளுக்குள்ள நீங்களே ஊகிச்சிருப்பீங்க" என்றார். இருக்கலாம். போனில் கூரையைக் காட்டிக்கொண்டு அக்கா பேசியபோதே எனக்குள் யாருக்கோ தெரிந்திருக்கலாம். அந்த யாரோ எட்டு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு ஆறுதலாக இல்லை.

டாக்டரிடமிருந்து நேராகப் பேனாக் கடைக்குப் போனோம். கடைக்காரப் பெண் இந்தத் தடவை எதுவும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். "இன்னைக்கு நான்தாங்க வந்திருக்கேன்" என்றேன். அவர் சிரித்தார், என் கணவர் சிரிக்கவில்லை. தோழிக்குக் கரும்பச்சையில் ஒன்றை எடுத்தேன். நடுத்தர நிப்பு, மை தீர்ந்தால் திருகி உறிஞ்சிக்கொள்கிற மாதிரி. பச்சை மை ஒரு பாட்டில். எழுதிப் பார்க்க நோட்டை நீட்டினார். என்னால் அதில் எழுத முடியவில்லை. கணவரை எழுதச் சொன்னேன். அவர் தன் பெயரை எழுதி, சரளமாகப் போகிறது என்றார். தோழிக்குப் பேனா ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் கையெழுத்தைப் போட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன். முதல் இரண்டு தடவை அத்தானைப் பற்றியே பேசினோம். காரியத்துக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கே அத்தான் எப்ப வருவார்னு ஆசையாக் கேட்டியே, போதும்" என்றாள். அதைக் கேட்டது நான்தான் என்று ஏற்றுக்கொள்ள எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. செய்யாத நல்லதற்குப் பாராட்டு வாங்குகிறவளைப் போல இருக்கிறேன். சில சமயம் பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா சட்டென்று நிறுத்தி என் கண்ணைப் பார்ப்பாள். அந்த இன்னொருத்தி எட்டிப் பார்க்கிறாளா என்று தேடுகிறாள். எனக்கு அவள் மேல் கோபம் வருவதில்லை. அந்த இரண்டு மணி நேரம் அவளுக்கு எவ்வளவு பயமாக இருந்ததோ அவ்வளவு இனிப்பாகவும் இருந்திருக்கும்.

நாரத்தங்காய் காய்த்திருக்கிறது, பறித்துக்கொண்டு போ என்று போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டம்மா சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. அக்காவும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து, ஒருக்களித்திருந்த கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, "காப்பி போடட்டுமா?" என்று கேட்டாள்.